அந்த டிரைவர் நான்தான்

என் வீட்டுக்காரருக்கு கேங்ஸ்டர் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மற்றவர்களைப் போல விசிலடிக்கப் போகிற ஆள் இல்லை. குற்றம் கண்டுபிடிக்கப் போகிற ஆள். "தாதாவோட டிரைவர் இப்படியா சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போவான்? வெட்டு வாங்க வேண்டியதுதான்" என்று தியேட்டரிலேயே உரக்கச் சொல்வார். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். எனக்கு மானம் போகும். ஆனாலும் அவரை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. மனுஷன் நிஜமாகவே ஒரு தாதாவுக்கு வண்டி ஓட்டியவர்.

மேஸ்திரி என்றால் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் வயதானவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மரக்கிடங்கில் சுமை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்து, ஒவ்வொரு கிடங்காகத் தன் கைக்குள் கொண்டுவந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் மத்தியானம் அதே கிடங்கில் வைத்து அவரை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இவர் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விட்டார். இன்று வரை அந்த வேன்தான்.

எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைத்தவர் மேஸ்திரியின் மனைவி. ஊருக்கெல்லாம் அண்ணி, எங்களுக்கும் அண்ணி. புருஷன் போன பிறகு அவருடைய பழைய ஆட்கள் ஒருவரையும் வாசற்படி ஏறவிடாமல், திரைச்சீலை தைக்கிற கடை ஒன்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரை மட்டும் தள்ளிவைக்கவில்லை. அண்ணி துணி வெட்டுவார், நான் தைப்பேன். சாயங்காலம் வேனை விட்டுவிட்டு இவர் வந்து, தைத்த திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக்கொடுப்பார். கூடவே போகிற அண்ணி, ஏணி மேல் நிற்கிற இவரைப் பார்த்து, "தம்பி, இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு பாரு" என்று சொன்னால் போதும், இவர் முகத்தில் பல்லெல்லாம் தெரியும். அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று ஒருவரும் இல்லாத மனுஷன். அந்தத் 'தம்பி' ஒன்றுதான் அவருக்குச் சொத்து. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, மறைப்பானேன்.

அப்படி இருக்கும்போதுதான் தாடி வைத்த ஒரு ஆள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மேஸ்திரி கதையைப் படமாக எடுக்கிறார்களாம், இவர்தான் கதை எழுதுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். டீ போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் வாய்தான் அலுக்கவில்லை. அதிலும் அந்த ரிவர்ஸ் கதை இருக்கிறதே! எதிர்க் கூட்டம் ஒரு சந்துக்குள் வண்டியை மடக்கிவிட்டதாம். திருப்ப இடமில்லை. மேஸ்திரியை சீட்டுக்குக் கீழே படுக்கச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் திருப்பியபடியே சந்து முழுவதும் ரிவர்ஸில் ஓட்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டாராம். கண்ணாடி உடைந்து கழுத்தில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கதையை எனக்குக் கல்யாணமான முதல் ராத்திரியே சொல்லிவிட்டார். வேறு பேச்சே கிடைக்கவில்லை அவருக்கு.

படம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் ஏறும் பிள்ளைகளின் அப்பா அம்மா, பள்ளிக்கூட வாட்ச்மேன், என் அண்ணன், திரை மாட்டப் போகிற வீட்டுக்காரர்கள், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "அதுல வர்ற டிரைவர் நான்தான். ஒரு வரி விடாம நான் சொன்னதைத்தான் எடுத்திருக்காங்க." தாதாவுக்கு வண்டி ஓட்டியவனிடமா பிள்ளையை அனுப்புகிறோம் என்று யாரும் பதறவில்லை. சினிமாவில் வருகிறவர் என்றதும் மரியாதை கூடித்தான் போயிற்று.

"படம் வரட்டும், ஜனங்க பார்த்துட்டு அவங்களே சொல்லட்டும். உங்களுக்கு ஏன் இந்த அவசரம்?" என்றேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றார்.

அண்ணியை அழைத்துப்போவதுதான் பெரும்பாடாக இருந்தது. "எனக்கு எதுக்குத் தம்பி அதெல்லாம்? நிஜத்தையே பார்த்தவ நான்" என்று சொல்லிப் பார்த்தார். இவர் விடவில்லை. "நீங்க வரலன்னா நானும் போகல அண்ணி" என்று கடை வாசலில் நின்று ஒற்றைக் காலில் அடம்பிடித்தார். கடைசியில் இவர் முகத்துக்காகத்தான் அண்ணி ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு வேனிலேயே போனோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், என் அண்ணன் குடும்பம், வேனில் வருகிற பிள்ளைகளில் சிலரும் அவர்களுடைய அப்பா அம்மாவும். அண்ணிக்கு முன் சீட்டு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இவர் ஓட்டிய ஓட்டைப் பார்க்க வேண்டுமே!

படம் ஆரம்பித்தது. மேஸ்திரி அல்சர்காரர், வெறும் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பார், கோபம் வந்தால் திக்குவார் என்று இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தில் வந்தவர் கறுப்புக் கண்ணாடியும் பூட்ஸுமாக மழையில் மெதுவாக நடந்தார். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். எல்லா ஏழைகளும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். டிரைவராக வந்தது ஓர் ஒல்லிப்பிச்சான். மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். அவன் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

பிறகு அந்தச் சந்து வந்தது. இவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். "இதோ, இதோ பாரு." சந்தில் வண்டி மாட்டியது. ஹீரோ, டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின் சீட்டில் தூக்கிப் போட்டார். தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒரு கையில் சிகரெட், ஒரு கையில் ரிவர்ஸ். ஒல்லிப்பிச்சான் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். தியேட்டர் இரண்டுபட்டது. என் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது.

இடைவேளையில் இவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. என் அண்ணன்தான், "என்ன மச்சான், பின் சீட்டுல சொகுசா இருந்துச்சா?" என்று கேட்டு வைத்தான். அண்ணி இவர் தோளில் தட்டினார். "விடு தம்பி. யார் ஓட்டினதுன்னு எனக்குத் தெரியும்." அந்த ஒரு சொல்லில் இவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார், எனக்கும் சோளப்பொரி தொண்டையில் இறங்கியது.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வந்தோமா?

இடைவேளைக்குப் பிறகு அந்த ஒல்லிப்பிச்சான் எதிர்க் கூட்டத்தின் வீட்டுக்குப் போனான். ஒரு பையை வாங்கி டிக்கியில் வைத்தான். மறுநாள் மேஸ்திரி கிடங்குக்குள் இருக்கும்போது வண்டியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போய்விட்டான். அவர் வெட்டுப்பட்டு வெளியே ஓடி வருகிறார். வண்டி நின்ற இடம் காலி. அந்த வெறுந்தரையைப் பார்த்து ஒரு வசனம், பிறகு மனைவியின் பெயர், உயிர் போய்விட்டது. தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து நின்று டிரைவரைக் காது கூசத் திட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கின நேரத்தில், எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு குழந்தைக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அது நம்ம வேன் அங்கிள்தானே?"

நான் இருட்டில் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் செருப்பைப் பார்த்தபடி நின்றார்கள். இவர் ஓடிப்போய் அண்ணிக்கு வேன் கதவைத் திறந்துவிட்டு, "அண்ணி, அது... அவங்க..." என்று இழுத்தார். அண்ணி கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "நான் பஸ்ல போய்க்கிறேன்."

அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே இவர் வேனை ஓட்டினார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் வேனும் நின்றது. வேனில் ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இவர் காதில் விழவில்லை. அண்ணி இறங்கி, தெருவில் திரும்பி, வீட்டுக் கதவைத் திறக்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "அந்தத் தாடிக்காரனுக்குப் போன் போடுங்க. இல்ல, குடுங்க, நானே கேக்கறேன். வாரா வாரம் வந்து என் கையால டீ வாங்கிக் குடிச்சுட்டு இப்படியா கழுத்தறுப்பான்?"

இவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். தாடிக்காரர் ரொம்பப் பணிவாகப் பேசினார். "அண்ணே, நீங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டீங்க. அந்த இன்னொரு வீட்டு விஷயம் வரக்கூடாது, அண்ணி பார்ப்பாங்கன்னு. நான் வாக்குத் தவறலையே, ஒரு எழுத்து வைக்கலையே. ஆனா அதை எடுத்துட்டா, அந்த நேரத்துல வண்டி ஏன் அங்க இல்லன்னு டைரக்டர் கேக்கறாரு. ஏதாவது ஒரு காரணம் வைக்கணுமில்ல? படம்தானே அண்ணே, யார் ஞாபகம் வச்சுக்கப் போறாங்க?"

போனை வைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எந்த இன்னொரு வீடு?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் என்னிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். மேஸ்திரிக்கு இன்னொருத்தி இருந்தாள். ஒரு பையனும் இருந்தான். அன்றைக்கு அந்தப் பையனுக்குக் கடும் காய்ச்சல் என்று ஓர் ஆள் வந்து சொல்லியிருக்கிறான். "நீ போய் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ, நான் இங்கதானே இருக்கப் போறேன்" என்று மேஸ்திரியேதான் இவரை அனுப்பிவைத்தார். போகும்போது, அண்ணிக்கு இது ஒருநாளும் தெரியக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். இவர் குழந்தையை டாக்டரிடம் காட்டி வீட்டில் விட்டுத் திரும்பியபோது கிடங்கு வாசலில் கூட்டம் நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஸ்திரி உயிரோடு இருந்தால் நானே போய் இரண்டு போட்டிருப்பேன். "செத்துப்போன மனுஷனுக்குக் குடுத்த வாக்குக்கு நீங்க இன்னும் எத்தனை நாள் அடி வாங்குவீங்க? காலையில நான் அண்ணிகிட்டப் போட்டு உடைக்கிறேன்."

"வேண்டாம். அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஆனால் காலையில் வேனை எடுத்துக்கொண்டு போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லையாம். இன்னொரு வீட்டில், "இனிமே நாங்களே கொண்டுபோய் விட்டுக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். ஏறின பிள்ளைகளில் ஒன்று, "அங்கிள், அந்தப் பையில எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டதாம். இதையெல்லாம் ஒரு சிரிப்போடுதான் சொன்னார். நான் கடைக்குக் கிளம்பிப் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சொல்லிடு" என்றார். "ஊர் என்ன வேணா பேசட்டும். அண்ணி அப்படி நினைக்கிறதை என்னால தாங்க முடியல. கொஞ்சம் பக்குவமா சொல்லு."

கடை போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தபடி நடந்தேன். அண்ணி எனக்கு முன்பே வந்து கடையைத் திறந்திருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று பயந்துகொண்டு போனால், அண்ணி முகம் தெளிவாக இருந்தது. சனிக்கிழமை தைத்து முடித்த ஹால் திரை மேஜையில் கிடந்தது. "வா, அந்த முனையைப் பிடி" என்றார். நீளத் திரையை ஒருவராக மடிக்க முடியாது, தரையில் புரண்டு அழுக்காகிவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நேத்து நல்லாத் தூங்கினேன்" என்றார் அண்ணி. "ரொம்ப வருஷம் கழிச்சு."

நான் முனைகளைச் சேர்த்துப் பிடித்தேன்.

"உன்கிட்ட சொன்னதில்ல. அவர் போன அன்னிக்கு வண்டி எங்க போச்சுன்னு உன் புருஷனைக் கேட்டேன். பெட்ரோல் போடப் போனேன்னான். பொய்னு அப்பவே தெரிஞ்சுது. அவருக்கு வேற ஒரு வீடு இருக்கு, வண்டி அங்கதான் நின்னுச்சுன்னு நாலு பேர் ஜாடைமாடையாப் பேசினாங்க. நான் யாரையும் கேக்கல. கேட்டா பதில் வந்துடுமே. அந்தப் பயத்தோடயே இவ்வளவு காலம் ஓட்டிட்டேன்." திரையின் மடிப்பை அண்ணி கையால் நீவிவிட்டார். "நேத்துதான் தெரிஞ்சுது, வண்டி எங்க போச்சுன்னு. என்னைத் தவிர அவருக்கு யாரும் இல்ல. கடைசியா என் பேரைத்தான் சொன்னாரு, பார்த்தியா?"

"அது படம் அண்ணி" என்றேன். "அவங்க இஷ்டத்துக்கு எதையாவது சேர்த்திருப்பாங்க."

"ஒரு வரி விடாம நான் சொன்னதுன்னு உன் புருஷன்தானே வாய் ஓயாம சொன்னான்? என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல, அந்தத் தாடிக்காரன்கிட்டக் கொட்டியிருக்கான். நான் வந்து பார்த்தே ஆகணும்னு ஏன் அப்படி அடம்பிடிச்சான்? நான் தெரிஞ்சுக்கணும்னுதான். பாவம், உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும்."

அடுத்த மடிப்புக்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தோம். என் கையில் இருந்த முனையை அண்ணி கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னேன். "அண்ணி, அன்னிக்கு அவர் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனது வந்து..."

அண்ணி கை நின்றுவிட்டது. "எங்க?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்குள் குரல் உடைந்துபோயிற்று. இவ்வளவு நேரம் தெளிந்திருந்த முகத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். என்னைவிட வயதில் எவ்வளவோ பெரியவர், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர், என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அடிக்கப் போகிறேனோ என்பதுபோல.



"பெட்ரோல் போட இல்ல அண்ணி" என்றேன். "நீங்க சொன்னதுதான்."

அண்ணி மூச்சை விட்டார். முனைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு. நிஜமாத்தான். ஆனா என் கண்ணு முன்னாடி மட்டும் வர வேண்டாம். கர்ட்டன் மாட்ட வேற ஆளைப் பார்த்துக்கிறேன். நீ எப்பவும்போல வா, நீ என்னம்மா பண்ணுவே?"

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணி" என்றேன். சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன். பிறகு மிஷினில் உட்கார்ந்து சாயங்காலம் வரை தைத்தேன். தைத்த பாதியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் வேனைக் கழுவி, குளித்து, வாசலிலேயே காத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன சொன்னாங்க?" என்றார்.

எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், சொல்லக்கூடியதை முதலில் சொன்னேன். "உங்களை மன்னிச்சுட்டாங்களாம்."

இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "எனக்குத் தெரியும்! அண்ணி புரிஞ்சுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் மறைச்சதுக்கு ரெண்டு திட்டாவது திட்டினாங்களா? அந்தப் பையனைப் பத்திக் கேட்டாங்களா? அழுதாங்களா? இரு இரு, நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்." உள்ளே ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன்கூடச் சரியாகப் போடவில்லை. "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். நிற்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நான் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நானும் வருவதற்காகப் பிடிப்பதாக நினைத்து அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"வா, ஏறு."

"அண்ணி உங்களைப் பார்க்க வேண்டாம்னாங்க."

"அதான் மன்னிச்சுட்டாங்கன்னியே?"

"காட்டிக்கொடுத்ததுக்கு மன்னிச்சுட்டாங்க" என்றேன். "நான் சொல்லலீங்க. சொல்லத்தான் போனேன். முடியல. நீங்கதான் காட்டிக்கொடுத்தீங்கன்னு ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்ஜினை அணைத்தார்.

"நல்லாத் தூங்கினாங்களாமா?" என்று கேட்டார்.

"ம்."

"மேஸ்திரி செத்து இத்தனை வருஷம் ஆச்சு" என்றார். "இன்னும் அந்த வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பிக்கிட்டு இருக்காரு."

ஜன்னல் கம்பியை விடாமல் அப்படியே நின்றேன்.